சுயமுன்னேற்ற நூல் எழுதப் போகிறீர்களா? கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

சுயமுன்னேற்ற நூல் எழுதும் ஆசை வந்தவர்களில் பலர் தலைப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ‘வெற்றி’, ‘சிகரம்’, ‘நம்பிக்கை’ ஆகிய மூன்றில் ஒன்றாவது அதில் இருக்கும். அட்டைக்கு உதிக்கிற சூரியன். அப்புறம் உள்ளே எழுத ஆளும் இல்லை, சங்கதியும் இல்லை என்று தெரியும்போது குட்டிக் கதைகளையும் குறள்களையும் போட்டுப் பக்கத்தை நிரப்புகிறார்கள். தலைப்பைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். முதலில் வேண்டியது ஓர் ஆளும் அவருடைய ஒரு சிக்கலும்.

யாருக்கு, எதற்கு

‘இளைஞர்களுக்கு’ என்று தொடங்கினால் அறிவுரை தவிர வேறெதுவும் வராது. ‘பெற்றோருக்கு’ என்றாலும் அப்படித்தான். ஆளைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறுக்குங்கள். இந்தக் கட்டுரைக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்.

புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதும் இளைஞர், வயது 26. ஊர் ஹட்டன் பக்கம். கொட்டாஞ்சேனையில் இன்னும் மூன்று பேரோடு ஓர் அறை. சம்பளம் 50,000 ரூபாய். மாதம் 20ஆம் திகதி தாண்டினால் யாரிடமாவது கைமாற்று வாங்குகிறார். அவருடைய சிக்கல் இதுதான்: சம்பளம் மாதக் கடைசி வரை வருவதில்லை.

இவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழும்புகிறார், மத்தியானம் எங்கே சாப்பிடுகிறார், எந்தக் கடையில் இவர் பேரில் கடன் கொப்பி இருக்கிறது, யாரிடம் கடன் கேட்க வெட்கப்படுகிறார். இந்த அரைப் பக்கத்தை மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வோர் ஆலோசனைக்கும் ஒரே கேள்விதான்: வருகிற திங்கட்கிழமை இதை அவரால் செய்ய முடியுமா?

‘சம்பளத்தில் 20 வீதம் சேமியுங்கள்’ என்ற வரியை எடுத்துப் பார்ப்போம். எத்தனையோ புத்தகங்களில் இருக்கிற வரி. நம்முடைய ஆளுக்கு 50,000இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 4,000 ரூபாய், முதலிலேயே வெட்டுப்படும். மிச்சம் 46,000. வீட்டுக்கு 15,000, அறைப் பங்கு 9,000, நாளுக்கு 600 ரூபாய் வீதம் சாப்பாடு 18,000. இப்போது கையில் இருப்பது 4,000. பஸ், போன், சவர்க்காரம், நண்பன் வீட்டுக் கலியாணம் எல்லாம் அதற்குள்ளேதான். இருபது வீதமாவது, ஒன்றாவது! அந்த வரியைப் படித்த இடத்திலேயே அவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எழுதியவர்தான் ‘மனம் இருந்தால் மார்க்கம் உண்டு’ என்று அடுத்த பத்திக்குப் போவார். கணக்குப் போட்டவருக்கு வேறு கேள்வி வரும்: இந்த 4,000ஐ வைத்துக்கொண்டு முதலில் எதை மாற்றலாம்? புத்தகம் தொடங்குகிற இடம் அதுதான்.

எழுத உங்களிடம் என்ன இருக்கிறது

பட்டம் கட்டாயம் இல்லை. வங்கியில் வேலை செய்கிறவர், ஏ.எல். பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறவர், ஆஸ்பத்திரியில் தாதி, தொழிற்சங்கத்தில் ஓடித் திரிந்தவர் என்று எத்தனையோ பேருக்கு எழுதும் தகுதி இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்து, நீங்கள் சொல்லி ஒன்றைச் செய்து பார்த்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். பக்கத்திலேயே, என்ன செய்தார், என்ன மாறியது, எது சரிவரவில்லை என்றும் எழுதுங்கள். ஐந்தாறு பெயர் வந்தால் புத்தகத்துக்கு அடித்தளம் இருக்கிறது. உங்கள் பெயர் மட்டும்தான் வருகிறது என்றால் அது தன்வரலாறு. அதுவும் எழுத வேண்டியதுதான், ஆனால் வேறு புத்தகம். உங்களுக்குப் பலித்ததில் எவ்வளவு உங்கள் உழைப்பு, எவ்வளவு மாமனார் கொடுத்த வீடு என்று வாசகருக்குத் தெரியாது அல்லவா.

மற்றவர்களின் கதைகளை எழுதும்போது கவனம். வெள்ளவத்தையில் ஒழுங்கையையும் தொழிலையும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள், அல்லது இரண்டு மூன்று பேரின் அனுபவத்தைச் சேர்த்து ஒருவராக்குங்கள். அப்படிச் செய்திருப்பதை முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். உண்மைக் கதையை அப்படியே எழுதுவதானால் அவரிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

மனச்சோர்வு, குடி, தற்கொலை எண்ணம் போன்றவற்றைத் தொடுகிற புத்தகமென்றால், அந்த அத்தியாயங்களை ஒரு மருத்துவரோ உளவளத்துணையாளரோ அச்சுக்கு முன் பார்த்தே ஆக வேண்டும். புத்தகம் வாசித்துத் தீராதவை உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தை வாசகர் தேடாமலே கண்ணில் படும் இடத்தில் அச்சிடுங்கள். சட்டமும் வரியும் வருகிற பக்கங்களுக்கும் தெரிந்தவர் ஒருவரின் கண் வேண்டும்.

கடைகளைச் சுற்றிப் பாருங்கள்

ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிற பூபாலசிங்கம் புத்தகசாலை, 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், கொழும்பு 7இல் பொது நூலகம். வீட்டில் இருந்தபடியே பார்ப்பதென்றால், 2005இல் இருந்து ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளம்.

அட்டையைப் பார்க்க வேண்டாம். பொருளடக்கத்தையும், நடுவில் ஏதாவது ஓர் அத்தியாயத்தையும் படியுங்கள். சுயமுன்னேற்றத் தட்டில் இருப்பவற்றில் பெரும்பகுதி சென்னையில் அச்சானவை, அல்லது ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவை. எழுத்து நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் வருகிற ஆளிடம் ரேஷன் கார்டு இருக்கிறது, அவர் மின்சார ரயிலில் தாம்பரம் போகிறார். நம்முடைய ஆளுக்கு இருப்பது கடைக் கொப்பி, சீட்டு, அடகுச் சீட்டு, ஓட்டோவுக்கு லீசிங், சிங்களத்தில் வந்த ஒரு கடிதம். உங்கள் புத்தகத்துக்கான இடம் அந்தத் தட்டில் இன்னும் காலியாகவே இருக்கிறது.

பொருளடக்கம்

இங்கே அவசரப்படாதீர்கள். எழுதுவதை விட இதில் அதிக நேரம் போனாலும் பரவாயில்லை.

முதலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தப் புத்தகத்தைப் படித்து அதன்படி நடந்தவர், இத்தனை மாதத்தில், இன்னது செய்திருப்பார். எடுத்துக்காட்டுக்கு: ‘ஆறு மாதத்தில் கைமாற்று வாங்காமல் ஒரு முழு மாதத்தைக் கடந்திருப்பார்.’ கோடீஸ்வரராகியிருப்பார் என்று எழுத வேண்டாம். சிறிய வாக்குறுதியைத்தான் காப்பாற்ற முடியும்.

பிறகு ஒரு பிரிஸ்டல் போர்டை வாங்கித் துண்டுகளாக வெட்டி, அந்த முடிவுக்குப் போக அவர் செய்ய வேண்டிய ஒவ்வொரு காரியத்தையும் ஒரு துண்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். எதைச் செய்யாமல் எதைச் செய்ய முடியாது என்று பார்த்து அடுக்குங்கள். பணம், நேரம், மனம் என்று தலைப்பு வாரியாகப் பிரிப்பது பள்ளிக்கூடப் பாடநூலுக்குச் சரி. செய்யப் போகிறவருக்கு வேண்டியது செய்யும் ஒழுங்கு.

நம்முடைய நூலில் அடுக்கு இப்படி வரலாம். முதல் அத்தியாயத்தில் சேமிப்பே இல்லை. முப்பது நாள் செலவை எழுதுவது மட்டும். இரண்டாவது, கடைக் கொப்பியைக் கொஞ்சங் கொஞ்சமாக மூடுவது. மூன்றாவது, சம்பளத் துண்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது. தன்னிடம் வெட்டும் 8 வீதத்தோடு முதலாளி 12 வீதம் போட வேண்டும், 50,000 சம்பளத்துக்கு இரண்டும் சேர்த்து மாதம் 10,000 தன் பேரில் சேர வேண்டும், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் காசு உண்மையிலேயே போகிறதா என்று பார்ப்பதும் அந்த அத்தியாயத்தில் வர வேண்டும். நான்காவது, வீட்டுக்கு அனுப்பும் காசைப் பற்றி அம்மாவோடு கதைப்பது.

இந்த நான்காவது அத்தியாயம்தான் வெளியூர்ப் புத்தகங்களில் கிடைக்காதது. நம் வீடுகளில் காசுப் பேச்சில் கணக்கு கொஞ்சம், மரியாதை நிறைய. தீபாவளிக்கு எல்லோருக்கும் உடுப்பு எடுத்துக்கொண்டு போகாவிட்டால் ‘கொழும்புக்குப் போய் என்ன செய்கிறான்’ என்று தோட்டத்து லயத்தில் கேட்பார்கள். அந்த ஒரு மாதத்துக்காக வாங்கிய கடனை அடுத்த நான்கு மாதம் கட்டுவார். உங்கள் தலைப்பு எதுவானாலும் இப்படி ஓர் அத்தியாயம் உள்ளே ஒளிந்திருக்கும். படிப்பைப் பற்றிய நூலென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேறு. உடம்பைக் குறைப்பதைப் பற்றியதென்றால் விருந்து வீட்டில் ‘இன்னும் கொஞ்சம் போடுங்கோ’ என்று நிற்கிற மாமி. அதைக் கண்டுபிடித்து நடுவில் வையுங்கள். எட்டிலிருந்து பத்து அத்தியாயம் போதும்.

எழுத முன் சொல்லிப் பாருங்கள்

அத்தியாயங்களை நான்கைந்து பேருக்கு வாயால் சொல்லிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பிளேன்டீயோடு, ஓர் அறையில் போதும். சம்மதம் கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். ‘அதெப்படி?’ என்று அவர்கள் நிறுத்துகிற இடங்கள் உங்கள் உபதலைப்புகள். கேள்வியை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கிழமை, செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்லாமல் அந்தப் படியை உடைத்துச் சிறிதாக்குங்கள். ‘முப்பது நாள் செலவை எழுதுங்கள்’ என்பது நான்காம் நாளே நின்றுபோகும். ‘இரவில் படுக்க முன், அன்று கடைசியாகக் காசு கொடுத்த மூன்று இடங்களைப் போனில் எழுதுங்கள்’ என்றால் நீடிக்கிறது. இந்த வேலையில் பாதித் துண்டுகள் குப்பைக்குப் போகும். போகட்டும்.

பத்திரிகையில் எழுதிப் பார்ப்பதும் ஒரு வழி. வீரகேசரி, தினக்குரல், தினகரன் வாரப் பதிப்புகளுக்கு ஓர் அத்தியாயத்தைச் சுருக்கி அனுப்புங்கள். வந்தால் யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியவரும்.

எழுதும் காலம்

ஏ5 அளவுப் பக்கத்தில், கண்ணுக்கு இதமான எழுத்தளவில், தமிழ்ச் சொற்கள் சுமார் 200 அடங்கும். 128 பக்கப் புத்தகத்துக்கு 25,000 சொல்லுக்குள் போதும். நாளுக்கு 500 சொல், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் பத்துக் கிழமையில் முதல் வரைவு முடியும். தட்டச்சு வராதவர்கள் போனில் தமிழ்க் குரல் தட்டச்சைப் பயன்படுத்தலாம். நிறுத்தற்குறி பெரும்பாலும் போடாது, சில சொற்களை விபரீதமாகக் கேட்டுக்கொள்ளும், ஆனால் பேச்சின் ஓட்டம் கிடைக்கும். திருத்தும்போது எழுத்து நடைக்குக் கொண்டுவாருங்கள்.

நடையைப் பற்றி ஒரு சின்னக் காட்சி. நான்காவது அத்தியாயத்தில் முதலில் வரக்கூடிய வரி இப்படி இருக்கும்: ‘குடும்ப உறுப்பினர்களுடனான வெளிப்படையான உரையாடல் சிறந்த நிதி முகாமைத்துவத்தின் முக்கிய அங்கமாகும்.’ கருத்தரங்கில் கைதட்டுவார்கள். அதையே இப்படி எழுதலாம்:

‘அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சம்பளத் துண்டைக் கையோடு கொண்டு போங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து, தம்பி தங்கச்சி பக்கத்தில் இல்லாத நேரம் அம்மாவிடம் காட்டுங்கள். “இவ்வளவுதாம்மா கையில வருது. பதினஞ்சு எப்பவும்போல அனுப்புறேன். தீபாவளிக்குன்னு இப்ப இருந்தே மாசம் ஆயிரம் தனியா வைக்கப் போறேன், அதுக்கு மேல அந்த மாசம் என்னால ஏலாது” என்று சொல்லிப் பாருங்கள். அனுப்புவதைக் குறைக்கப் போவதாக அன்றைக்குச் சொல்ல வேண்டாம்.’

இதில் அறிவுரைச் சொல் ஒன்றும் இல்லை. எங்கே, எப்போது, என்ன சொல்வது என்பது இருக்கிறது. வாசகர் எந்த ஊர்க்காரரோ பேச்சு வரிகள் அந்த ஊர்ப் பேச்சிலேயே இருக்கட்டும். யாழ்ப்பாணத்து ஆளை ‘அனுப்புறன்’ என்று பேச விடுங்கள். மற்றதைப் பொதுவான எழுத்துத் தமிழில் வைத்தால் மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் படிக்கலாம். வாசகரை ‘நீங்கள்’ என்றே அழையுங்கள். ‘நீ எழுந்தால்’, ‘நீ நினைத்தால்’ என்று ஒருமையில் விரட்டுவது மேடைக்குப் பொருந்தலாம். தனியாக அறையில் படிக்கிறவருக்குத் திட்டுகிற மாதிரி இருக்கும்.

குறளை விட மனம் வராவிட்டால் அத்தியாயத்துக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். அப்துல் கலாம் சொன்னார், விவேகானந்தர் சொன்னார் என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிற வாசகங்களை அச்சிடவே வேண்டாம். மூலம் கையில் இல்லாத மேற்கோள் பொய்யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பயிற்சிகளுக்குக் கோடு போட்ட வெற்றுப் பக்கங்கள் விடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. நம் ஆட்கள் புத்தகத்தில் எழுத மாட்டார்கள். அதோடு ஓர் அறையில் ஒரு பிரதி வந்தால் நான்கு பேர் வாசிப்பார்கள். ‘ஒரு கொப்பியில் எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டு அச்சுச் செலவை மிச்சம் பிடியுங்கள்.

வரைவு முடிந்ததும் சத்தமாக வாசியுங்கள். பிறகு, முன்பு சொல்லிப் பார்த்தவர்களில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். எந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பினார் என்று கேளுங்கள்.

அச்சுக்குப் போகும்போது

நீங்கள் யூனிகோடில் எழுதியிருப்பீர்கள். பக்கம் வடிவமைக்கிறவர் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றக்கூடும். அந்த மாற்றத்தில்தான் விபத்து நடக்கும். கோப்பில் ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறி நிற்கும், மேற்கோள் குறிகள் வேறெதுவாகவோ ஆகும். முடிந்தால் யூனிகோடிலேயே வடிவமைக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் மாற்றிய பிறகு வருகிற புரூஃபை முதல் எழுத்திலிருந்து திரும்பப் படியுங்கள். எண்களையும் தொலைபேசி இலக்கங்களையும் ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சகம் பாரக் கணக்கில் பேசும். பாரம் என்றால் ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி. ஒரு பாரம் 16 பக்கம் என்றால் 128 பக்கம் எட்டுப் பாரம். 131 பக்கம் வந்தால் மூன்று பக்கத்தை வெட்டுவதே லாபம். 200, 300 பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு, 500க்கு மேல் ஓப்செட் என்று பொதுவாகச் சரிவரும். இரண்டுக்கும் விலை கேளுங்கள், குறைந்தது மூன்று அச்சகத்தில். முதுகுப் பக்கத்தில் தலைப்பு இருக்க வேண்டும். கடைத் தட்டில் தெரிவது அது மட்டும்தான்.

அச்சுக்கு முன்பே ஐ.எஸ்.பி.என். இலக்கம், அதாவது நூலுக்கு உரிய சர்வதேச அடையாள எண், எடுத்துவிடுங்கள். கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் இருக்கிற தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை அதைக் கொடுக்கிறது. இலங்கை நூல்களுக்கு 978க்கு அடுத்ததாக 955 அல்லது 624 வரும். சொந்தமாக வெளியிடுகிறவரும் விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமைக்குத் தனியாகப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் நிற்கும். பதிப்பகம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்தால் எத்தனை பிரதிக்கு, எத்தனை ஆண்டுக்கு, மின்னூலும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள்.

விழாவும் விற்பனையும்

தமிழ்ச் சங்கத்தில் வெளியீட்டு விழா வைப்பது கொழும்பு வழக்கம். விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஒரு புரவலர் முதற்பிரதி வாங்குவது, சிறப்புப் பிரதிகள், நயவுரை, ஏற்புரை. வருகிறவர்கள் என்வலப்பில் விலைக்கு மேலேயே வைத்துக் கொடுப்பார்கள். அச்சகக் கடன் அன்றைக்கே தீர்ந்தாலும் தீரும், ஆகவே விழாவை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். பேச்சாளர்களை மட்டும் மூன்று பேரோடு நிறுத்துங்கள்.

ஆனால் அந்த மண்டபத்தில் புறக்கோட்டை இளைஞர் இல்லை. அவரிடம் போக வேறு வழி பார்க்க வேண்டும். மொத்தக் கடை முதலாளிகள் சிலர் தைப்பொங்கலுக்கு ஊழியர்களுக்கு ஏதாவது கொடுப்பார்கள்; பத்துப் பிரதி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். நலன்புரிச் சங்கங்கள், கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்புகள், போயா நாள் கூட்டங்களில் ஒரு மணி நேர வகுப்பு நடத்திக் கடைசியில் புத்தகத்தை மேசையில் வையுங்கள். புத்தகசாலைகளுக்கு ஐந்தைந்து பிரதியாகக் கொடுத்து, விற்பனைக் கழிவு எத்தனை வீதம், காசு எப்போது என்பதை பில்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குத் தமிழ்க் கடை ஒன்றின் மேசையில் இடம் கேட்பதானால் ஜூலையிலேயே பேசுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்குக் கிண்டில் பதிப்பு போதும்.

கடைசிப் பக்கத்தில், எந்தப் படி சரிவரவில்லை என்று எழுதி அனுப்ப ஒரு மின்னஞ்சலோ வட்ஸ்அப் இலக்கமோ போடுங்கள். புத்தகத்துக்கென்றே தனி சிம் ஒன்று எடுத்தால் நல்லது. வீட்டு இலக்கத்தைக் கொடுத்தால் இரவு பதினொரு மணிக்கும் அடிப்பார்கள். வருகிற செய்திகளை உங்கள் பிரதியில் அந்தந்தப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்துக்குக் கொடுப்பது அந்தப் பிரதியைத்தான்.